பெர்கொலேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்) பக்கம் புதிதாக வருகிறவர்களிடமிருந்தும், பாட்டு வகுப்பில் இசையமைப்பாளர் பெர்கொலேசியின் பெயரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடமிருந்தும் மறுபடி மறுபடி வரும் சந்தேகங்கள் இவை. எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. ஒரு பதிலில் சொன்னது வேறு இடத்தில் தேவைப்பட்டால் அங்கே பார்க்கச் சொல்லியிருக்கிறது.

1. யார் இந்தப் பெர்கொலேசி? எந்தக் காலத்து ஆள்?

ஜியோவான்னி பத்திஸ்தா பெர்கொலேசி 1710 ஜனவரி 4 அன்று இத்தாலியின் கிழக்குப் பக்கம், அன்கோனாவுக்கு அருகிலுள்ள யேசி என்ற ஊரில் பிறந்தார். படித்ததும் தொழில் செய்ததும் நேபிள்ஸில். 1736 மார்ச் 16 அன்று, நேபிள்ஸை அடுத்த பொட்சுவோலியில் காசநோயால் இறந்தார். வயது 26.

மேடைக்கு எழுதியது 1731 முதல் 1735 வரை, அவ்வளவுதான். அதற்குள் நான்கு பெரிய ஓபராக்கள் (சலுஸ்தியா, இல் பிரிஜியோனியேர் சுபெர்போ, அத்ரியானோ இன் சிரியா, லொலிம்பியாதே), இரண்டு நகைச்சுவை ஓபராக்கள் (லோ ஃப்ராதே நம்மொராத்தோ, இல் ஃப்ளாமினியோ), நமக்குக் கிடைத்திருக்கும் இரண்டு இடைநாடகங்கள் (லா செர்வா பத்ரோனா, லிவியெத்தா எ திரகொல்லோ). தேவாலய இசை தனி.

2. இவர் குடும்பப் பெயர் பெர்கொலேசி இல்லை என்கிறார்களே?

குடும்பத்தின் பழைய பெயர் திராகி. முன்னோர் பெர்கொலா என்ற ஊரிலிருந்து யேசிக்குக் குடிவந்தவர்கள். "பெர்கொலாக்காரர்" என்று ஊரார் அழைத்ததே பெயராக நின்றுவிட்டது. பழைய ஏடுகளில் இரண்டு பெயரும் வரும், ஆள் ஒருவர்தான்.

3. இசையை எங்கே கற்றார்? யார் குரு?

நேபிள்ஸில் அப்போது நான்கு இசைப் பள்ளிகள் இருந்தன. நான்கும் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிகளாகத் தொடங்கியவை. பெர்கொலேசி சேர்ந்தது போவெரி தி ஜெசு கிறிஸ்தோ என்ற பள்ளியில். அங்கே கயெத்தானோ கிரேக்கோ, லியோனார்தோ வின்சி, பிரான்செஸ்கோ துராந்தே ஆகியோர் ஆசிரியர்கள். (இந்த வின்சி ஓவியர் அல்ல, ஓபரா எழுதியவர். இந்தக் குழப்பமும் அடிக்கடி வருகிறது.) பெர்கொலேசி நல்ல வயலின்காரர். ஊர்வலங்களுக்கும் விழாக்களுக்கும் பள்ளி அனுப்பும் மாணவர் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

அங்கே பயிற்சிமுறை கறாரானது. ஆசிரியர் கீழ்க்குரல் வரியை மட்டும் எழுதித் தருவார். மாணவர் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) முன் உட்கார்ந்து மேல் குரல்களை அந்த நிமிடமே உண்டாக்கி வாசிக்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான பயிற்சிகள். ஒரு முழு ஓபராவைச் சில வாரங்களில் எழுதி முடிக்கும் வேகம் நேபிள்ஸ்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இதுதான் பதில்.

4. ஓபரா சேரியா, ஓபரா பூஃபா, இண்டர்மெட்சோ: மூன்றும் ஒன்றா, வேறா?

ஓபரா சேரியா என்ற பெரிய ஓபரா அரசர், வீரர் கதை. மூன்று அங்கம், சுமார் மூன்று மணி நேரம். கதை நகர்வது ரெசிதாதிவோ என்ற பேச்சுப் பாட்டில், ஹார்ப்சிகார்டும் செல்லோவும் மட்டும் துணை. உணர்ச்சி வெளிப்படுவது ஆரியா என்ற தனிப்பாட்டில். ஆரியாவுக்கு முதல் பகுதி, நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி என்று அமைப்பு. திரும்பப் பாடும்போது பாடகர் தன் கற்பனையைச் சேர்ப்பார். முக்கிய ஆண் பாத்திரங்களைப் பெரும்பாலும் காஸ்ட்ராட்டோக்கள் பாடினார்கள், அதாவது சிறுவயதில் காயடிக்கப்பட்டு, உடைந்துபோகாத உச்சக் குரலோடு வளர்ந்த ஆண்கள்.

ஓபரா பூஃபா என்ற நகைச்சுவை ஓபரா ஊர்க்கதை. நேபிள்ஸில் பாதிப் பாத்திரங்கள் அந்த ஊர் வட்டார மொழியிலேயே பாடும். 1732இல் ஃபியொரெந்தினி அரங்கில் வந்த லோ ஃப்ராதே நம்மொராத்தோ இந்த வகை. இண்டர்மெட்சோ, அதாவது இடைநாடகம், இவை இரண்டுமில்லை. பெரிய ஓபராவின் மூன்று அங்கங்களுக்கு நடுவே இரண்டு இடைவேளை வரும். அந்த இடைவேளைகளில் இரண்டு மூன்று பாத்திரங்களை வைத்து நடத்தும் சின்னச் சிரிப்பு நாடகம் அது.

5. லா செர்வா பத்ரோனா என்ன கதை? முக்கால் மணி நேர நாடகத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

தலைப்புக்கு "எஜமானியான வேலைக்காரி" என்று பொருள். உபெர்த்தோ வயதான பிரம்மச்சாரி. காலைச் சாக்லேட்டுக்காக மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறார். வேலைக்காரி செர்பினா கொண்டுவரவும் மாட்டாள், அவரை வெளியே போகவும் விட மாட்டாள். பொறுக்க முடியாமல், "எனக்கு ஒரு பெண் பார்" என்று வேலைக்காரன் வெஸ்போனேயிடம் சொல்கிறார். செர்பினா அதே வெஸ்போனேயைப் படைவீரன் வேடத்தில் தன் மாப்பிள்ளையாகக் கூட்டிவருகிறாள். 4,000 ஸ்கூதி (பழைய இத்தாலியக் காசு) வரதட்சிணை கொடு, இல்லாவிட்டால் நீயே இவளைக் கட்டிக்கொள் என்பது மாப்பிள்ளையின் நிபந்தனை. முடிவைச் சொல்லத் தேவையில்லை.

எழுதியவர் ஜென்னாரோ அந்தோனியோ ஃபெதெரிகோ. கதையில் புதுமை எதுவும் கிடையாது, புதுமை முழுக்க இசையில்தான். இரண்டாம் பகுதியில் செர்பினா பாடும் "அ செர்பினா பென்சரேத்தே"வைக் கேளுங்கள். உபெர்த்தோவைப் பார்த்துப் பாடும் வரிகள் மெதுவாக, உருக்கமாகப் போகும். திடீரென்று தாளம் மாறி வேகமெடுக்கும். அங்கே அவள் நம்மைப் பார்த்து, "கிழவர் இளகுகிறார்" என்கிறாள். மறுபடி உருக்கம், மறுபடி வேகம். நடிப்பையும் உண்மையையும் தாளத்தாலேயே பிரித்துக் காட்டுகிறார் பெர்கொலேசி. வீர ஓபராவின் சோக ஆரியாவை அவள் கைக்கருவியாக்கிக்கொள்வதும் இதில் அடக்கம். அதையடுத்து உபெர்த்தோ பாடும் "சொன் இம்ப்ரொல்யாத்தோ"வில் மனிதர் படபடவென்று குழம்பிக்கொண்டே வந்து, "உபெர்த்தோ, உன்னைப் பார்த்துக்கொள்" என்ற இடத்தில் அடிக்குரலின் நீண்ட சுரங்களில் விழுந்து நின்றுவிடுகிறார். இந்த இரண்டு பாட்டுக்காகவே நாடகம் நிலைத்திருக்கிறது என்றாலும் தகும்.

6. முதல் அரங்கேற்றம் ஆகஸ்டு 28ஆ, செப்டம்பர் 5ஆ?

இரண்டு தேதிக்கும் காரணம் உண்டு. நேபிள்ஸ் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. பேரரசி எலிசபெத் கிறிஸ்தீனாவின் பிறந்தநாள் ஆகஸ்டு 28. அந்த விழாவுக்கென்று எழுதப்பட்டது இல் பிரிஜியோனியேர் சுபெர்போ என்ற பெரிய ஓபரா. அதன் இடைவேளை நாடகம்தான் லா செர்வா பத்ரோனா. சான் பர்த்தலொமேயோ அரங்கில் மேடையேறியது 1733 செப்டம்பர் 5. அதற்கு முந்தைய நவம்பரில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அரங்குகள் மூடிக் கிடந்து திறந்த நேரம் அது. உபெர்த்தோவாக ஜொவாக்கினோ கொர்ராதோ, செர்பினாவாக லௌரா மொந்தி பாடினார்கள்.

7. நாடகத்துக்கு ஏன் தொடக்க இசை இல்லை? பதிவில் கேட்டேனே?

கேள்வி 4இல் சொன்னபடி இது இடைவேளைப் பண்டம். பெரிய ஓபராவின் முதல் அங்கம் முடிந்த கையோடு தொடங்கும், தனியாக ஒரு தொடக்க இசைக்கு வேலையே இல்லை. இன்று தனியாக நடத்தும்போது சட்டென்று ஆரம்பிக்கத் தயங்கி, எங்கிருந்தாவது ஒரு சின்ஃபோனியாவை (வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் இசை) எடுத்து முன்னால் ஒட்டுகிறார்கள். பதிவுக்குப் பதிவு அது மாறும்.

கடைசி டூயட்டிலும் (இருவர் சேர்ந்து பாடும் பாட்டு) இதே கதைதான். முதலில் எழுதியது "கொந்தெந்தோ து சராய்". பிறகு பல மேடைகளில் அதற்குப் பதிலாக "பெர் தே ஓ யோ நெல் கோரே" வந்து ஒட்டிக்கொண்டது. இதயம் அடிக்கும் ஓசையைப் பாடிக்காட்டும் பாட்டு அது, கூட்டத்துக்குப் பிடிக்கும். பெர்கொலேசியின் சொந்தச் சரக்குதான், ஆனால் 1735இல் வந்த இல் ஃப்ளாமினியோவிலிருந்து வந்தது. சிலர் இரண்டையும் பாடிவிடுகிறார்கள். முடிந்த கதைக்கு இரண்டு முடிவு வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

8. நாங்கள் சின்னக் குழு. லா செர்வா பத்ரோனாவை மேடையேற்ற என்னவெல்லாம் வேண்டும்?

பாடகர் இருவர்: ஒரு சாப்ரானோ (பெண் உச்சக் குரல்), ஒரு பாஸ் (ஆண் அடிக்குரல்). வெஸ்போனே வாய் திறக்காத பாத்திரம், நடிகர் போதும். வாத்தியத்தில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, ஒரு டபுள் பாஸ், ஒரு ஹார்ப்சிகார்ட் இருந்தால் குறைவில்லை. பல இடங்களில் இரண்டு வயலினும் ஒரே வரியை வாசிக்கும், வியோலா கீழ்க்குரலோடு சேர்ந்து போகும். அதனால் தந்திகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒலி தடிக்குமே தவிர, இசை கூடாது. சொற்கள் அமுங்கிப்போகும்.

பெரும்பாலும் தடுக்கி விழுவது ரெசிதாதிவோவில். அதை அளந்து, சுரம் சுரமாகப் பாடினால் நாடகம் செத்துவிடும். முதலில் பாட்டே இல்லாமல் வசனமாகப் பேசிப் பழகி, அந்த வேகத்தின் மேல் சுரத்தை ஏற்ற வேண்டும். நீளம் என்று அதை வெட்டுவதும் தவறு. வரதட்சிணைப் பேரம் முழுக்க அங்கேதான் நடக்கிறது. அடுத்த ஆபத்து வெஸ்போனே. பேச்சில்லாத நடிகர் கோமாளித்தனத்தில் இறங்கினால் "ஸ்தித்சோசோ, மியோ ஸ்தித்சோசோ" பாட்டின்போது செர்பினாவை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

9. இந்தச் சின்ன நாடகம் பாரிஸில் சண்டை மூட்டியது உண்மையா?

உண்மை. 1746இல் பாரிஸில் நடந்தபோது பெரிய சலசலப்பு இல்லை. 1752 ஆகஸ்டு 1 அன்று ஓர் இத்தாலியக் குழு அதையே பாரிஸ் ஓபராவில் நடத்தியது. லுல்லி, ராமோ ஆகியோரின் பிரெஞ்சு ஓபரா கோலோச்சிய மேடை அது. அங்கே இரண்டு மனிதர்களும் ஒரு வீட்டுச் சண்டையும் ஏறியதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சு இசையின் ஆதரவாளர்கள் அரங்கில் அரசரின் இருக்கைப் பக்கமும், இத்தாலிய இசையின் ஆதரவாளர்கள் அரசியின் இருக்கைப் பக்கமும் கூடினார்கள். இரண்டு ஆண்டு துண்டறிக்கைப் போர். தத்துவவாதி ரூசோ இத்தாலியக் கட்சி. அதே 1752இல் தானே ஒரு சின்ன ஓபரா எழுதினார், அடுத்த ஆண்டு பிரெஞ்சு மொழி இசைக்கே ஒத்துவராது என்று கட்டுரையும் எழுதினார்.

இவ்வளவும் நடந்தபோது பெர்கொலேசி இறந்து 16 ஆண்டு. கேள்வி 15க்கு இதை நினைவில் வையுங்கள்.

10. பெரிய ஓபராக்கள் கேட்கத் தகுந்தவையா, நகைச்சுவைதான் இவர் பலமா?

லொலிம்பியாதேயைக் கேட்காமல் அந்த முடிவுக்கு வரவேண்டாம். அந்தக் கால ஓபராக் கவிஞர் மெத்தஸ்தாசியோவின் கதை, 1735 ஜனவரியில் ரோமில் தோர்தினோனா அரங்கில் வந்தது. போப்பின் ஆட்சிப் பகுதியில் பெண்கள் பொதுமேடையில் பாடத் தடை, அதனால் பெண் பாத்திரங்களையும் ஆண்களே பாடினார்கள். மெகாக்ளே, தன் உயிரைக் காத்த நண்பன் லிச்சிதாவின் பெயரில் ஒலிம்பிக் போட்டியில் இறங்குகிறான். வென்றால் பரிசு, தான் காதலிக்கும் அரிஸ்தேயாவேதான் என்பது பிறகுதான் தெரிகிறது. நண்பனுக்கு அவளை விட்டுக்கொடுத்துப் போகும்போது, "அவள் என்னைத் தேடினால் என்ன சொல்வாய்" என்று பாடும் "சே செர்கா, சே தீச்சே" அந்த நூற்றாண்டு முழுக்கப் பேசப்பட்ட பாட்டு. மூச்சுத் திணறுவதுபோல் வரிகள் துண்டு துண்டாக உடைந்து வரும்.

அத்ரியானோ இன் சிரியா 1734இல் வந்தது. அதில் பாடியவர் கஃபரெல்லி என்ற புகழ்பெற்ற காஸ்ட்ராட்டோ. அவருக்காக எழுதிய "லியேத்தோ கொசி தல்வோல்தா"வில் ஓபோவும் குரலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு போகும். சலுஸ்தியாவுக்கு நேரம் சரியில்லை. நாயகன் நிக்கொலினி 1732 ஜனவரி 1 அன்று இறந்துபோக, இளம் பாடகர் ஒருவரை வைத்து அவசரமாக மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

11. ஸ்தாபாத் மாத்தெர் என்பது என்ன? எப்படிக் கேட்பது?

சிலுவையடியில் நிற்கும் வியாகுல மாதாவைப் பற்றிய இடைக்கால லத்தீன் பாடல். நேபிள்ஸில் வியாகுல மாதா பக்தசபை ஒன்று அதுவரை மூத்த இசையமைப்பாளர் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாத்தி எழுதிய இசையைப் பாடிவந்தது. அது பழசாகிவிட்டதென்று பெர்கொலேசியிடம் புதிதாகக் கேட்டார்கள். ஸ்கார்லாத்தியைப் போலவே ஒரு சாப்ரானோ, ஒரு ஆல்ட்டோ (அதைவிடத் தாழ்ந்த குரல்); கூடவே தந்திகளும் ஆர்கனும். மொத்தம் 12 பகுதி: டூயட் ஏழு, ஆல்ட்டோ தனி மூன்று, சாப்ரானோ தனி இரண்டு. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

தொடக்கம் எஃப் மைனரில், அதாவது சோகச் சாயலுள்ள சுர அமைப்பில். கீழ்க்குரல் ஒரே சீராக நடந்துகொண்டிருக்க, மேலே இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் மோதி, ஒன்று இறங்க, மறுபடி மோதும். ஆறாம் பகுதி "விதித் சுவும்" முடிவில், மகன் உயிர்விடும் சொற்களை நடுநடுவே மௌனம் வைத்து வெட்டியிருப்பதையும் கவனியுங்கள். கிருபை தயாபத்து மந்திரத்தின் லத்தீன் மூலமான சால்வே ரெஜினாவுக்கு இவர் சி மைனரில் அமைத்த இசையும் இதே குடும்பம்.

12. சோகப் பாட்டில் நாலாம் பகுதி துள்ளலாக இருக்கிறதே, தவறான பதிவா?

பதிவில் தவறில்லை. "க்வே மேரேபாத்" துயரப்படும் தாயைப் பற்றிய வரிதான், இசையோ மலர்ச்சியான மேஜர் சுரங்களில் தாளம் தப்பித் தப்பித் துள்ளும். 1770களில் பொலோஞாவின் பாதிரியார் மர்த்தீனி இதைக் கண்டித்தார். லா செர்வா பத்ரோனாவின் பாணிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர் புகார். கவனிப்பு சரியானது. நேபிள்ஸ்காரர்கள் தேவாலயத்துக்கென்று வேறொரு இசைமொழியை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளவில்லை. அது குறையா என்பது அவரவர் காதைப் பொறுத்தது.

ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியான் பாகுக்கு அது குறையாகத் தெரியவில்லை. 1740களில் ஸ்தாபாத் மாத்தெர் இசையை எடுத்து, 51ஆம் சங்கீதத்தின் ஜெர்மன் பாடத்தை அதில் பொருத்தி, வியோலாவுக்குத் தனி வேலையும் கொடுத்தார். பாகு பட்டியலில் அதன் எண் 1083.

13. ஸ்தாபாத் மாத்தெரைக் கோரஸ் பாடலாமா? பெண்கள் பாடுவதுதான் முறையா?

எழுதப்பட்டது இரண்டு தனிக்குரலுக்கு. அன்றைய நேபிள்ஸ் தேவாலயத்தில் அவை ஆண்களின் உச்சக் குரல்களாகவே இருந்திருக்கும். இன்று பெண்கள் பாடுவதும், ஆல்ட்டோவைக் கவுண்டர் டெனர் (உச்சக் குரலில் பாடும் ஆண்) பாடுவதும் சகஜம். கோரஸ் பாடும்போது தொடக்க மோதல்கள் மழுங்கும், காரணம் பத்துப் பேரின் சுருதி ஊசிமுனையில் சேர்வது கடினம். கோரஸ் இருந்தே ஆகவேண்டும் என்றால், கடைசி "ஆமென்" வேகப் பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

14. பொறாமையில் விஷம் வைத்துக் கொன்றார்களாமே? வறுமையில், யாரும் மதிக்காமல் செத்தாராமே?

விஷக் கதைக்கு ஆதாரம் இல்லை. நோய் நீண்டநாள் நோய். கடைசி மாதங்களைப் பொட்சுவோலியில் பிரான்சிஸ்கன் மடத்தில் கழித்தார். ரோமில் கெத்சி என்ற ஓவியர் வரைந்த பெர்கொலேசியின் கேலிச்சித்திரத்தில் ஒரு கால் ஊனமாகத் தெரிகிறது.

மதிக்கவில்லை என்பதும் பொருந்தவில்லை. 22 வயதில் அரண்மனை ஆர்கன் கலைஞர். ஸ்திலியானோ இளவரசர், பிறகு மத்தலோனி கோமகன் என்று பெரிய ஆதரவாளர்கள். 1734இல் ஆஸ்திரியர் போய்ப் பூர்பொன் வம்சம் வந்தபோதும் அரச விழா ஓபரா இவரிடமே வந்தது. ஆனால் புகழ் நேபிள்ஸ், ரோம் எல்லைக்குள் இருந்தது. ஐரோப்பியப் புகழ் இறந்த பிறகுதான்.

15. இவர் பெயரில் ஏன் இத்தனை போலிகள்?

கேள்வி 9ஐயும் 14ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஆள் இல்லை, பெயருக்கோ திடீரென்று கிராக்கி. கையெழுத்துப் பிரதி எடுப்பவரும் அச்சிடுபவரும் யாரோ எழுதிய இத்தாலிய இசையில் பெர்கொலேசி என்று போட்டால் விற்றது. மறுக்க அவரும் இல்லை. 1939 முதல் 1942 வரை வெளிவந்த "முழுத் தொகுப்பு" இந்தச் சுமையை அப்படியே ஏற்றிக்கொண்டது. அதிலுள்ள 148 படைப்புகளில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல, அல்லது சந்தேகத்துக்குரியவை.

பெரிய உதாரணம் தந்தி வாத்தியங்களுக்கான ஆறு கொன்செர்த்தி அர்மோனிச்சி. 1740இல் ஹேகில் ஆசிரியர் பெயரில்லாமல் அச்சாகி, பின்னால் பெர்கொலேசியுடையதாக உலவியது. எழுதியவர் வாசெனார் என்ற டச்சுப் பிரபு. பெயர் போட அவருக்கு விருப்பமில்லை. நெதர்லாந்தின் ட்விக்கல் கோட்டையில் கையெழுத்துப் பிரதி அகப்பட்ட பிறகே, 20ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலில், விஷயம் தீர்ந்தது. போலி என்பதால் மட்டமான இசை என்று எண்ணிவிட வேண்டாம், அருமையானவை.

16. ஸ்திராவின்ஸ்கியின் புல்சினெல்லா பெர்கொலேசி இசைதானே?

பாதிதான். 1920இல் மேடையேறிய அந்தப் பாலே நடன நாடகத்தை எழுதும்போது ஸ்திராவின்ஸ்கிக்குக் கிடைத்த பிரதிகள் எல்லாவற்றிலும் பெர்கொலேசி பெயர் இருந்தது. தொடக்க மெட்டே தொமெனிக்கோ கல்லோ என்பவருடையது. தரந்தெல்லா என்ற நடன இசை, மேலே சொன்ன வாசெனார் பிரபுவுடையது. மெய்யான பெர்கொலேசி வருவது பாடல்களில்: "மெந்த்ரே லெர்பெத்தா" இல் ஃப்ளாமினியோவிலிருந்து, "கொந்தெந்தோ ஃபோர்சே விவெரே" அத்ரியானோவிலிருந்து. டிராம்போனும் டபுள் பாஸும் போட்டிபோடும் குறும்புப் பகுதி, பெர்கொலேசியின் செல்லோ சின்ஃபோனியாவிலிருந்து.

17. பாட்டு வகுப்பில் "சே து மாமி"யும் "நீனா"வும் பெர்கொலேசி என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

இரண்டும் இல்லை. "சே து மாமி" 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரிசோத்தி என்ற இசைஞர் தொகுத்த பழைய பாடல் திரட்டில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது, அவரே எழுதியிருப்பார் என்பது இன்றைய கணிப்பு. "நீனா"வையும் இவர் பெயரில் வைக்க ஆதாரமில்லை. பயிற்சிக்குத் தாராளமாகப் பாடுங்கள், நிகழ்ச்சி நிரலில் பெயரை மட்டும் திருத்துங்கள்.

18. பி எண் போட்டிருந்தால் அசல் என்று நம்பலாமா?

கூடாது. அந்த எண்கள் பேமர் என்ற ஆய்வாளரின் 1977 பட்டியலிலிருந்து வருபவை. அந்தப் பட்டியல் கேள்வி 15இல் சொன்ன தொகுப்பை அப்படியே எண்ணிட்டது, போலிகளுக்கும் எண் உண்டு.

சரிபார்க்க வேண்டியது வேறு. ஓபராவிலிருந்து என்றால் எந்த ஓபரா, எந்த அங்கம் என்று கேளுங்கள். கேள்வி 1இன் பட்டியலில் இல்லாத ஓபரா என்றால் உஷார். தனி வாத்திய இசை என்றால் இன்னும் உஷார். அவர் எழுதிய அந்த வகை மிகக் குறைவு. முதல் அச்சு அவர் இறந்த பிறகு, வெளிநாட்டில், பழைய பிரதி எதுவும் இல்லை என்றால் நம்பாதீர்கள். ஐயம் தீராவிட்டால் பழைய தொகுப்பை விட்டுவிட்டு, 1980களில் தொடங்கிய புதிய ஆய்வுப் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

19. லா செர்வா பத்ரோனா பார்க்கப் போனேன். தனித் தொடக்க இசை, கொம்பு, கிளாரினெட் எல்லாம் இருந்தது. நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

நீங்கள் பார்த்தது பிற்கால இத்தாலிய இசையமைப்பாளர் பைசியெல்லோவின் படைப்பாக இருக்கும். அவர் 1781இல் ருஷ்யாவில், இரண்டாம் காத்தரீனின் அரசவையில் வேலை பார்த்தபோது அதே கதையை, ஏறக்குறைய அதே வசனங்களோடு, புது இசையில் அமைத்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்த காலம், அதனால் காற்று வாத்தியங்கள் நிறைய. டிக்கெட் எடுக்கும்போது தலைப்பை மட்டும் பார்க்காமல் இசையமைப்பாளர் பெயரையும் பாருங்கள். பெயர் அச்சாகவில்லையென்றால் வாத்தியப் பட்டியலைக் கேளுங்கள். தந்தியும் ஹார்ப்சிகார்டும் மட்டும் என்றால் பெர்கொலேசி.